ஒரு கெஜம், 26 விநாடி

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் நான்கு பேர் சேர்ந்தால் இன்றும் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2015 பிப்ரவரி 1 அன்று அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் 49-ஆவது சூப்பர் பவுல் நடந்தது. அந்த நாட்டு ஆட்டத்தின் ஆண்டு இறுதிப்போட்டி அதுதான். முந்தைய ஆண்டின் சாம்பியனான சியாட்டில் சீஹாக்ஸ் அணி 24–28 என்று பின்தங்கியிருந்தது. வெற்றிக்கோடு ஒரு கெஜ தூரத்தில். கடிகாரத்தில் 26 விநாடி. முட்டிமோதி ஓடுவதில் பெயர்பெற்ற மார்ஷான் லின்ச் களத்தில் நிற்கிறார். பந்தை அவர் கையில் கொடுக்காமல் எறிந்தார்கள். எதிரணியைச் சேர்ந்த மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்துக்கொண்டார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி கோப்பையை வென்றது.

அமெரிக்காவில் 11 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தார்கள். வர்ணனையாளர் கிரிஸ் காலின்ஸ்வொர்த் நேரலையிலேயே இதை நம்ப முடியவில்லை என்றார். இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான முடிவு கிடையாது என்று அன்றிரவே பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் வந்து, முடிவு அப்படியொன்றும் முட்டாள்தனமானதல்ல என்றார்கள். இரண்டு கட்சியும் இன்றுவரை அசையவில்லை. யார் பக்கம் நியாயம் அதிகம் என்று பார்க்க, முதலில் இந்த ஆட்டத்தின் சில விதிகள் தெரிய வேண்டும்.

பெயரில் கால்பந்து இருந்தாலும் இதில் காலுக்கு வேலை குறைவு. இரு பக்கமும் 11 பேர். ஆடுகளத்தின் நீளம் 100 கெஜம். ஒரு அணி பந்தை வைத்துக்கொண்டு முன்னேறும், மற்றது தடுக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்து தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்து இன்னொரு புள்ளி சேர்க்கலாம். கோட்டைத் தாண்ட முடியாத நிலையில், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அன்று சியாட்டில் 4 புள்ளி பின்னால் இருந்தது. ஆகவே அந்த 3 புள்ளியால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. டச் டவுன் ஒன்றே வழி.

முன்னேறும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் பெயர் டவுன். நான்கு டவுனுக்குள் 10 கெஜம் நகர்ந்துவிட்டால் புதிதாக நான்கு டவுன் கிடைக்கும். எல்லைக்கோடு 10 கெஜத்துக்குள் வந்துவிட்டால் புதுக் கணக்கு இல்லை. இருக்கிற நான்கு டவுனுக்குள் கோட்டைத் தாண்டியாக வேண்டும்.

ஒவ்வொரு டவுனிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று ஓட்டம். அணியை நடத்தும் குவாட்டர்பேக் பந்தைப் பின்னால் நிற்கும் ஓட்டக்காரரிடம் கொடுப்பார். அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுவார். மற்றது பாஸ். முன்னே ஓடும் ரிசீவர் ஒருவருக்குக் குவாட்டர்பேக் பந்தை எறிவார். ரிசீவர் பிடித்தால் முன்னேற்றம். யாரும் பிடிக்காமல் பந்து தரையில் விழுந்தால் இழப்பு ஒன்றுமில்லை, ஒரு டவுன்தான் போகும். எதிரணி பிடித்துவிட்டால் அது இடைமறிப்பு, பந்து அவர்களுடையதாகிவிடும்.

அடுத்தது கடிகாரம். வழக்கின் பாதி இதில்தான் இருக்கிறது, ஆனால் ரசிகர்களின் வாக்குவாதத்தில் இது அநேகமாக விடுபட்டுப்போகும். ஓட்டக்காரர் களத்துக்குள்ளேயே மடக்கப்பட்டால் கடிகாரம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் தரையில் விழுந்தால் கடிகாரம் உடனே நின்றுவிடும். இடையில் கடிகாரத்தை நிறுத்த டைம் அவுட் கேட்கலாம்; ஒரு பாதி ஆட்டத்துக்கு ஒரு அணிக்கு மூன்றுதான். அன்று சியாட்டிலிடம் மிச்சமிருந்தது ஒன்று.

இனி அந்தக் கடைசி நிமிடம்.

நான்காம் பகுதி தொடங்கும்போது சியாட்டில் 24–14 என்று முன்னிலையில் இருந்தது. பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி அந்தப் பகுதியில் இரண்டு டச் டவுன் பாஸ்கள் எறிந்து ஆட்டத்தைத் திருப்பினார். ஆட்டம் முடிய 2 நிமிடம் 2 விநாடி இருந்தபோது நிலை 28–24. சியாட்டில் தன் பக்கத்து 20 கெஜக் கோட்டிலிருந்து கிளம்பியது. லின்ச் ஒரு பாஸைப் பிடித்து 31 கெஜம் போனார். பிறகு நடந்தது ஒரு விந்தை. ஜெர்மெய்ன் கியர்ஸ் என்ற ரிசீவருக்கு வந்த பந்தைப் பட்லர் தட்டிவிட்டார். கியர்ஸ் மல்லாந்து விழுந்தார். பந்து அவர் காலிலும் கையிலும் பட்டுத் துள்ளியது. தரையில் விழுவதற்குள் படுத்தபடியே பிடித்துவிட்டார். 33 கெஜ முன்னேற்றம். கோட்டுக்கு இன்னும் 5 கெஜம், கடிகாரத்தில் 1 நிமிடம் 6 விநாடி. அங்கே சியாட்டில் ஒரு டைம் அவுட்டைச் செலவழித்தது. அது கையில் இருந்திருந்தால் இந்த வழக்கே வேறு மாதிரி இருந்திருக்கும்.

முதல் டவுனில் லின்ச்சிடம் பந்தைக் கொடுத்தார்கள். அவர் 4 கெஜம் ஓடினார். தோளில் காயத்தோடு ஆடிக்கொண்டிருந்த டோன்டா ஹைடவர் அவரை ஒரு கெஜம் முன்னே மடக்கினார். அப்போது கடிகாரத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். களத்துக்குள் மடக்கப்பட்டதால் கடிகாரம் ஓடியது.

பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக்கிடம் அந்த நேரத்தில் இரண்டு டைம் அவுட் இருந்தது. எதிரணி அடுத்த முயற்சியில் கோட்டைத் தாண்டிவிடும் என்று தோன்றினால், கடிகாரத்தை நிறுத்தித் தன் பிரேடிக்குக் கொஞ்சம் நேரம் சேமித்துவைப்பதே வழக்கம். பெலிசிக் நிறுத்தவில்லை. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். சியாட்டிலும் அவசரப்படவில்லை. பிரேடிக்கு நேரம் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அப்படியே 35 விநாடி கரைந்தது. இரண்டாம் டவுன் தொடங்கியபோது 26 விநாடி.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ரசிகர்கள், மூன்று டவுன் இருக்கிறது, ஒரு கெஜம்தான் பாக்கி, மூன்று முறையும் லின்ச்சிடம் கொடுத்திருக்கலாமே என்கிறார்கள். கடிகாரத்தை வைத்து இதைச் சோதிப்போம். இரண்டாம் டவுனில் ஓடி, மடக்கப்பட்டால் ஏறத்தாழ 21 விநாடி மிஞ்சும். உடனே கடைசி டைம் அவுட் போய்விடும். மூன்றாம் டவுனிலும் ஓடி, மீண்டும் மடக்கப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்த வழியிருக்காது. கோட்டுக்கருகே ஓட்டம் மடக்கப்படும்போது பத்துப் பன்னிரண்டு தடியர்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடப்பார்கள். தாமதித்தால் தங்களுக்கு நல்லது என்று தெரிந்த எதிரணி அவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்திருக்காது. அத்தனை பேரும் விலகி, அணி மறுபடி வரிசையில் நின்று நான்காம் டவுனைத் தொடங்க 15 விநாடி போதலாம், போதாமலும் போகலாம். ஆக மூன்று முறையும் ஓடுவது என்ற திட்டத்தில் உறுதியானவை இரண்டு ஓட்டங்கள்தான், மூன்றாவது அதிர்ஷ்டம்.

மூன்று டவுனையும் நிச்சயமாகப் பயன்படுத்த வேண்டுமானால் அவற்றில் ஒன்றாவது பாஸாக இருக்க வேண்டும். விழுந்த பாஸ் ஓர் இலவச டைம் அவுட். இதில் யாருக்கும் தகராறு இருக்க முடியாது. இது வெறும் விநாடிக் கணக்கு.

அப்படியானால் கேள்வி, பாஸ் எப்போது என்பதாகச் சுருங்குகிறது. இரண்டாம் டவுனிலா, மூன்றாம் டவுனிலா? இரண்டாவதில் ஓடி, டைம் அவுட் எடுத்துவிட்டால், மூன்றாவதில் பாஸ்தான் வரும் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதிலேயே பாஸ் எறிந்து அது விழுந்தால், டைம் அவுட் கையில் இருக்கும். மூன்றாவதில் ஓடுவார்களா எறிவார்களா என்று எதிரணி குழம்பும். சியாட்டில் பயிற்சியாளர் பீட் கேரலின் யோசனை இந்தத் தடத்தில் போனது.

கேரல் சொன்ன இன்னொரு காரணமும் உண்டு. சியாட்டில் மூன்று ரிசீவர்களை உள்ளே அனுப்பியது. பதிலுக்குப் பேட்ரியாட்ஸ், கோட்டருகே ஓட்டத்தைத் தடுப்பதற்கென்றே வைத்திருக்கும் கனத்த ஆட்களை இறக்கியது. எடைமிகுந்த அந்த மதிலில் போய் லின்ச்சை மோதவிடுவதைவிட, ஒரு டவுனைப் பாஸுக்குச் செலவழித்து, அடுத்ததில் தக்க ஆட்களோடு ஓடலாம் என்பது அவருடைய வாதம்.

இதை எண்களால் பார்ப்போம். விளக்கத்துக்காக ஓர் அனுமானம் வைத்துக்கொள்ளலாம்: ஒரு கெஜத்திலிருந்து ஓட்டமோ பாஸோ, ஒவ்வொரு முயற்சிக்கும் வெற்றி வாய்ப்பு 50 விழுக்காடு. உண்மை நிலவரம் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. இரண்டு முயற்சி மட்டும் கிடைத்தால் வெற்றி வாய்ப்பு 75. மூன்று கிடைத்தால் 87.5. அதாவது மூன்றாம் முயற்சியின் விலை ஏறக்குறைய 12 விழுக்காடு. பாஸின் அபாயம் இடைமறிப்பு. தொழில்முறை ஆட்டத்தில் 100 பாஸுக்கு இரண்டு அல்லது மூன்று இடைமறிக்கப்படும். ஒரு கெஜக் கோட்டில் அது இன்னும் அரிது. 2014 பருவத்தில் அந்த இடத்திலிருந்து எல்லா அணிகளும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட பாஸ்கள் எறிந்திருந்தன. பட்லர் பிடிக்கும்வரை ஒன்றுகூட இடைமறிக்கப்படவில்லை.

அபாயத்தை 2 விழுக்காடு என்று வைத்தே கணக்கிடுவோம். முதலில் பாஸ், பிறகு இரண்டு ஓட்டம் என்றால் மொத்த வெற்றி வாய்ப்பு 86. இரண்டே ஓட்டத்துக்கு 75. வித்தியாசம் சிறியதல்ல.

ஆனால் நேர்மையாகப் பார்த்தால் ஒப்பிட வேண்டியது வேறொரு திட்டத்தோடு. முதலில் ஓட்டம், டைம் அவுட், பிறகு பாஸ், கடைசியில் ஓட்டம். இதிலும் மூன்று டவுனும் கிடைக்கும். இதன் வாய்ப்பு 87. பாஸை முதலில் வைப்பதைவிட ஒரு விழுக்காடு அதிகம்! காரணம் எளிது. ஓட்டத்தை முதலில் வைத்தால், பாதி நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்; பாஸின் அபாயத்தைத் தொடவே வேண்டியதில்லை. மறுபுறம், மூன்றாம் டவுனில் பாஸ்தான் என்று எதிரணி முன்கூட்டியே அறிவதால் அதன் வெற்றி 50-லிருந்து 45-ஆகக் குறைந்தால், இந்த ஒரு விழுக்காட்டு லாபம் காணாமல் போய் இரண்டு திட்டமும் சமமாகிவிடும். ஆக, கேரலின் முடிவு மேதைமை என்று சொல்வதற்கும் கணக்கு இடம் தரவில்லை. மடமை என்பதற்கும் இடம் தரவில்லை. இரண்டு திட்டமும் ஏறத்தாழ ஒரே எடை.

லின்ச் வேறு மாதிரி ஆள், அவரைப் பாதிக்குப் பாதி என்று கணக்கிடக் கூடாது என்று சிலர் மறுப்பார்கள். அந்தப் பருவத்தில் அவர் 1,306 கெஜம் ஓடினார், ஓட்டத்தில் 13 டச் டவுன் எடுத்தார். அன்றைய ஆட்டத்தில் மட்டும் 102 கெஜம். மறுப்பில் வலு இருக்கிறது. ஆனால் அதே பருவத்தில் ஒரு கெஜக் கோட்டிலிருந்து அவரிடம் பந்து ஐந்து முறை கொடுக்கப்பட்டது. ஒரு முறைதான் கோட்டைத் தாண்டினார். ஐந்து என்பது மிகச் சிறிய எண், அதைக் கொண்டு ஒருவரின் திறமையை எடைபோட முடியாது. கொடுத்திருந்தால் நிச்சயம் தாண்டியிருப்பார் என்ற உறுதியைக் கொஞ்சம் தளர்த்த மட்டும் அது போதும்.

எதிராளிக்குத் தெரியாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கணிதம் 1928-லேயே நிறுவிவிட்டது. அந்த ஆண்டில் ஜான் வான் நாய்மான் எழுதிய ஆய்வுதான் ஆட்டக் கோட்பாட்டின் அடித்தளம். இருவர் மோதும் ஆட்டத்தில், எப்போதும் தன் வலுவான ஆயுதத்தையே எடுப்பவர் எதிராளிக்கு வேலையைச் சுலபமாக்குகிறார். சில நேரம் மாற்றி ஆடுவதால்தான் வலுவான ஆயுதத்தின் வலு நிலைக்கிறது. நம் ஊரில் பார்க்கும் கால்பந்தின் பெனால்ட்டி உதைகளை ஆராய்ந்த ஸ்பெயின் பொருளியலாளர் இக்னாசியோ பலாசியோஸ்–உவேர்தா, தேர்ந்த ஆட்டக்காரர்கள் இடமும் வலமும் மாற்றி உதைப்பது இந்தக் கோட்பாட்டுக்குப் பொருந்துகிறது என்று 2003-இல் காட்டினார். ஒரு கெஜம் என்றால் லின்ச்தான் என்று எதிரணி முடிவுகட்டிவிட்டால், லின்ச்சின் மதிப்பு அங்கேயே சரியத் தொடங்கும்.

இதுவரை பேசியது பாஸா ஓட்டமா என்பது பற்றி. எந்தப் பாஸ் என்பது தனிக் கேள்வி. ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். என் பார்வையில் சியாட்டிலைக் குறைசொல்ல இடமிருப்பது இந்த இரண்டாம் கேள்வியில்தான்.

வலது பக்கம் இரண்டு ரிசீவர்கள், ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னால் கியர்ஸ், பின்னால் ரிக்கார்டோ லாக்கெட். கியர்ஸ் நேரே பாய்ந்து தடுப்பாளர்களின் வழியை அடைக்க வேண்டும். அந்த மறைவில் லாக்கெட் உட்பக்கமாகச் சாய்ந்து ஓடி, கோட்டருகே பந்தைப் பெற வேண்டும். இப்படிச் சாய்ந்து உள்ளே வெட்டும் ஓட்டத்துக்கு ஸ்லாண்ட் என்று பெயர். அதில் பந்து வேகமாகப் போய்ச் சேரும். ஆனால் போகும் இடம் களத்தின் நெரிசலான பகுதி. தட்டுப்பட்டுத் துள்ளினால் யார் கையிலும் விழலாம்.

குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை ஒரு பக்கமாக ஓடவிட்டு, ஆள் கிடைத்தால் எறி, இல்லையேல் களத்துக்கு வெளியே வீசிவிடு என்று சொல்லியிருக்கலாம். வில்சன் ஓடவும் தெரிந்தவர். அல்லது களத்தின் ஓரமாக உயரத்தில் எறிந்திருக்கலாம். தவறினால் பந்து வெளியேதான் போகும். விழுந்தால் நட்டமில்லை என்பதுதான் இந்தப் பாஸின் முழு நியாயமும். அப்படியிருக்க, பிடிபடாவிட்டால் தரையில் விழுவதற்கே அதிக வாய்ப்புள்ள பாஸைத் தேர்ந்தெடுப்பது அல்லவா பொருத்தம்? ஆட்டத் திட்டங்களை வகுத்த டேரல் பெவெல் தேர்ந்தெடுத்தது நெரிசலுக்குள் போகும் பாஸை. எறிவது யாருக்கு என்பதும் முக்கியம். லாக்கெட் வேகமானவர்தான். ஆனால் அணியின் முதன்மையான ரிசீவர்களில் ஒருவர் அல்லர்.

இதற்குமேல் நடந்ததில் பெரும்பங்கு பேட்ரியாட்ஸின் உழைப்பு. தோல்விக்குக் காரணம் தேடும்போது வென்றவர்களின் வேலையை மறந்துவிடுவது வாடிக்கை. கியர்ஸுக்கு எதிரே நின்ற பிராண்டன் பிரௌனர் 2013 வரை சியாட்டில் அணிக்கே ஆடியவர். அவர்களுடைய வழக்கங்கள் அவருக்கு அத்துப்படி. இரண்டு பேர் இப்படி அடுக்கி நின்றதும் வரப்போவது என்ன என்று ஊகித்து, பட்லருக்குச் சைகை காட்டினார். பந்து புறப்பட்ட கணத்தில் கியர்ஸை அதே இடத்தில் பிடித்து நிறுத்தினார். வழியை அடைக்க வேண்டியவரே நகர முடியாமல் போனதால் பட்லருக்குப் பாதை திறந்தது.

பட்லர் அந்த ஆண்டுதான் வந்தவர். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் யாரும் அவரைச் சீண்டவில்லை. பிறகு பரீட்சார்த்தமாகச் சேர்க்கப்பட்டார். கல்லூரிக் காலத்தில் பொரித்த கோழிக் கடையில் வேலை பார்த்தவர். இறுதிப்போட்டிக்கு முந்தைய பயிற்சியில், சியாட்டிலின் இதே ஆட்ட அமைப்பைப் பேட்ரியாட்ஸ் ஒத்திகை பார்த்தது. அன்று மறைப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியதால் பட்லர் பிந்திப்போனார், பந்து ரிசீவர் கைக்குப் போய்விட்டது. சுற்றாதே, நேரே பாய் என்று பயிற்சியாளர்கள் திருத்தினார்கள். இறுதிப்போட்டியில் அவர் நேரே பாய்ந்தார். லாக்கெட்டுக்குச் சற்று முன்னதாகப் பந்தை அடைந்தார். தட்டிவிட்டிருந்தாலே பெரிய காரியம். பிடித்தேவிட்டார். கடிகாரத்தில் 20 விநாடி மீதமிருந்தது.

இப்போது பெலிசிக்கிடம் திரும்புவோம். அவர் டைம் அவுட் எடுக்காததைப் பின்னர் பலர் மேதைமை என்று புகழ்ந்தார்கள். சியாட்டிலைப் பதற்றத்தில் தள்ளினார், எதிரணிப் பக்கத்தின் குழப்பத்தைப் படித்துவிட்டார் என்றெல்லாம் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் பந்தை லாக்கெட் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரேடிக்கு 20 விநாடிதான் கிடைத்திருக்கும். இரண்டு டைம் அவுட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு தோற்றவர் என்று அதே மக்கள் பெலிசிக்கைக் கரித்துக்கொட்டியிருப்பார்கள். அவர் செய்தது ஒன்றுதான். புகழும் பழியும் இன்னொருவர் கையில் பந்து சிக்கியதைப் பொறுத்து மாறின.

அதே இரவில் கேரலுக்கும் இதன் மறுபக்கம் கிடைத்திருந்தது. முதல் பாதி முடிய 6 விநாடி. சியாட்டில் 7–14 என்று பின்னால். கோட்டுக்கு 11 கெஜம். உதைத்து 3 புள்ளியை எடுத்துக்கொள்வதே பத்திரமான வழி. கேரல் பாஸ் எறியச் சொன்னார். தவறி, நேரமும் முடிந்துபோயிருந்தால் அந்த 3 புள்ளியும் இல்லை. கிரிஸ் மேத்யூஸ் பந்தைப் பிடித்தார். பாதி நேரத்தில் 14–14. அதைத் துணிச்சல் என்றார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதே பயிற்சியாளர் அதைவிட அபாயம் குறைந்த பாஸ் ஒன்றைச் சொன்னபோது அது கிறுக்குத்தனம் ஆகிவிட்டது.

விளைவைப் பார்த்து முடிவை மதிப்பிடும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இதை விளைவுச் சாய்வு எனலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 55 வயது நோயாளி, இதய அறுவை சிகிச்சை. செய்துகொண்டவர்களில் 8 விழுக்காட்டினர் அறுவையிலேயே இறப்பார்கள் என்பது மருத்துவருக்குத் தெரியும். இருந்தும் செய்வது என்று தீர்மானிக்கிறார். இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு ஒரு முறை நோயாளி பிழைத்தார் என்றும், ஒரு முறை இறந்தார் என்றும் சொல்லப்பட்டது. மருத்துவர் அறிந்திருந்தது இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் பிழைத்த கதையில் அவருடைய தீர்மானத்துக்கு அதிக மதிப்பெண் விழுந்தது. சீட்டாட்ட வல்லுநராக இருந்த ஆனி டியூக், முடிவெடுப்பது பற்றி 2018-இல் வெளியிட்ட நூலைக் கேரலின் இந்தப் பாஸைக் கொண்டே தொடங்குகிறார்.

நமக்குப் பழக்கமான உதாரணம் கிரிக்கெட்டில் இருக்கிறது. 2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க், முதல் இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. பாகிஸ்தானுக்குக் கடைசி நான்கு பந்தில் 6 ஓட்டம் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ஜோகிந்தர் சர்மா வீசிய பந்தை மிஸ்பா உல் ஹக் குனிந்து பின்பக்கமாகத் தூக்கினார். ஸ்ரீசாந்த் கையில் பிடிபட்டது. இந்தியா 5 ஓட்டத்தில் வென்றது. நேராக அடித்திருக்கலாமே என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அதற்கு முன்பு அவர் நேராக அடித்த பந்து சிக்ஸர் போயிருந்தது என்பதால் அந்தப் பேச்சுக்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் பின்னால் தூக்கிய பந்து இரண்டு கெஜம் தள்ளி விழுந்திருந்தால் அவருக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

இதனால் விளைவைப் பார்க்கவே கூடாது என்று ஆகிவிடாது. விளைவும் ஒரு சாட்சிதான். எதிரணி இந்த ஆட்ட அமைப்பை ஒத்திகை பார்த்திருந்தது என்ற உண்மை, பந்து பிடிபட்ட பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அதே அமைப்பைச் சியாட்டில் முன்பும் பயன்படுத்தியிருக்கிறது, எதிரணியில் தன் பழைய ஆள் இருக்கிறார் என்பதையெல்லாம் பெவெல் எடைபோட்டிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான விமர்சனம். லின்ச்சிடம் கொடுக்காமல் எறிந்தார்களே என்று கேட்பது அந்த அளவுக்கு நியாயமானதல்ல.

என் தீர்ப்பு இவ்வளவுதான். இரண்டாம் டவுனில் பாஸ் எறிந்தது சரியான வழிகளில் ஒன்று. ஓடியிருந்தால் அதுவும் சரியான வழிகளில் ஒன்றாகவே இருந்திருக்கும். தேர்ந்தெடுத்த பாஸ் மட்டும் தேவைக்கு மேல் அபாயமானது. முதல் டவுனுக்கு முன்பு செலவான டைம் அவுட்டைப் பற்றி அதிகம் பேசியிருக்க வேண்டும், யாரும் பேசுவதில்லை. பீட் கேரல் அன்றும் அதற்குப் பிறகும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார், யோசனை தவறென்று ஒப்பவில்லை. அவர்மீது விழுந்த வசை எல்லைமீறியது என்று அந்த வாரமே வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர், அவரை வென்ற பில் பெலிசிக்.